கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்த வெளிநாட்டு முதலீட்டின் கணக்கை ஊரறிய வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
சூளகிரி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: நமது மாவட்டத்தில் அறிவிக்கப்பட்ட வெளிநாட்டு முதலீடு எவ்வளவு, வந்து தங்கியது எவ்வளவு என்று தொகுத்து வெளியிடவும், கிராம சபைகளில் படித்துக் காட்டவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதை ஆக்கிரமிப்பு என்று திங்கட்கிழமை மனு வரிசையில் நிற்பவர்களோடு நானும் நின்று இதைக் கொடுக்கிறேன். நான் கேட்பது ஒரு கணக்கு.

முப்பத்தொரு வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்தினேன். அந்நிய நேரடி முதலீடு என்ற தலைப்பைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, முதல் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி, "நம்ம மாவட்டத்துக்கு எவ்வளவு சார் வந்திருக்கு?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். நான் ஓய்வுபெற்றே ஆறு வருடம் ஆகிறது, அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. இங்கே ஓர் அலுவலகத்தில் கேட்டால் சென்னையில் கேளுங்கள் என்றார்கள். சென்னைக்கு எழுதினால் டெல்லியில் இருக்கும் என்று பதில் வந்தது. டெல்லிக்காரர்கள் வெளியிடும் அட்டவணையில் மாநிலவாரிக் கணக்கே 2019 அக்டோபரிலிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முன்னால் ரிசர்வ் வங்கியின் மண்டல அலுவலகவாரியாகப் போட்டிருக்கிறார்கள். சென்னை அலுவலகம் என்றால் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே வரி. மாவட்டத்துக்கு என்று ஒரு பத்தியை நான் அதில் காணவில்லை.

இந்தக் கேள்வியோடு அலைந்தபோதுதான், இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு முதலீட்டுப் பட்டியலில் பெரிய பெயராக நிற்கும் மொரீஷியஸ் என்ற இந்தியப் பெருங்கடல் தீவின் கதையைக் கொஞ்சம் ஆழமாகப் படித்தேன். அங்கே வேலைக்குப் போன பழைய மாணவன் ஒருவன் அந்நாட்டு 25 ரூபாய்த் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் தமிழ் எழுத்து இருக்கிறது, தமிழ் எண்ணும் இருக்கிறது. 1998இல் புதுத் தாள் அச்சடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்கிருக்கும் தமிழர்கள் கொதித்தெழ, அரசு அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு அடித்தது. அது போகட்டும், பெருமைக்காகச் சொல்லிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

மொரீஷியஸின் பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டம் 5,100-க்கு மேல். அங்கே மக்கள்தொகை பன்னிரண்டரை லட்சத்துக்குப் பக்கம். நமக்கோ 2011 கணக்கெடுப்பிலேயே 18 லட்சத்து 80 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. அதாவது கிருஷ்ணகிரிக்குள் இரண்டு மொரீஷியஸை வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனால் 2000 ஏப்ரல் முதல் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் அந்நிய நேரடிப் பங்கு முதலீட்டில் சுமார் கால்வாசி அந்தத் தீவின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. கரும்பும் சுற்றுலாவும் துணி ஆலையும் வைத்திருக்கும் ஒரு தீவுக்கு இவ்வளவு பணம் ஏது?

தங்களுக்குத் தெரியாததல்ல, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1982இல் இரு நாடுகளும் போட்ட வரி ஒப்பந்தத்தின்படி, மொரீஷியஸில் பதிந்த ஒரு கம்பெனி இங்கே பங்கை விற்று லாபம் பார்த்தால் இந்தியா வரி போட முடியாமல் இருந்தது. அங்கேயோ அப்படியொரு வரியே கிடையாது. சும்மா இருப்பார்களா? அமெரிக்கப் பணம், ஐரோப்பியப் பணம், சில சமயம் இங்கிருந்தே போன நம்மூர்ப் பணம் எல்லாம் அந்தத் தீவில் ஒரு பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு இந்தியாவுக்குள் வந்தன. 2016 மே மாதம் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் முதல் வாங்கும் பங்குகளுக்கு இந்தியா வரி போடலாம் என்று ஆக்கினார்கள். 2018-19இல் இந்தியாவுக்கு வந்த முதலீட்டில் மொரீஷியஸைச் சிங்கப்பூர் முந்திக்கொண்டது.

இதில் என்னை உட்கார வைத்தது வேறொரு சங்கதி. மொரீஷியஸ் மத்திய வங்கி தன் நாட்டுக்கு வந்த நேரடி முதலீட்டைக் கணக்குப் போடும்போது, இந்த வழிப்போக்குக் கம்பெனிகளின் பணத்தை அதில் சேர்ப்பதில்லை. தீவுக்குள் இறங்கி வேலை செய்யும் பணத்தை மட்டும் எந்தத் தொழிலுக்கு வந்தது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பிரித்து வெளியிடுகிறது. சேர்த்துக் காட்டியிருந்தால் அவர்களுக்கு எவ்வளவு பெருமை! ஆனாலும் செய்யவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். சென்னை, பெங்களூர், சேலம் சாலைகள் எல்லாம் இங்கே வந்துதான் பிரிகின்றன. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஒரு ராத்திரி நின்று லாரிகளை எண்ணி, இத்தனை லோடு நம் மண்டியில் இறங்கியது என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா? முதலீட்டு விஷயத்தில் மட்டும் கடந்துபோகிற லாரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கேட்டுவிட்டுக் கைதட்டுகிறோம்.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் என்று அறிவிப்பு வந்தது. நல்லதுதான். நம் மாவட்டத்துப் பங்கு எவ்வளவு, அதில் இன்றைக்கு அஸ்திவாரம் போட்டது எத்தனை, காகிதத்திலேயே இருப்பது எத்தனை?

யாருடைய பணம் என்பதும் இங்கே தெளிவாக இல்லை. குருபரப்பள்ளியில் இருக்கும் டெல்டா எலக்ட்ரானிக்ஸ், தைவான் நாட்டு நிறுவனம், சரி. ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் அமெரிக்க ஆப்பிளுக்குப் பாகம் செய்கிறது. சரக்கு வெளிநாட்டுக்கு, கம்பெனி நம் நாட்டுடையது. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை நம் மண்ணில் நிற்கிறது, கம்பெனியின் பதிவு அலுவலகமோ பெங்களூரில். அதில் ஜப்பானின் சாப்ட்பேங்க் பணம் போட்டிருக்கிறது. அந்தப் பணம் எந்த மாநிலத்துக் கணக்கில் ஏறியது? இந்த நிறுவனங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. காலை ஐந்தரை மணிக்குச் சூளகிரி பஸ் ஸ்டாண்டில் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், அல்லது அவர்களுடைய தங்கைகள். அந்தச் சம்பளம் வீட்டில் என்ன செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நிலம் கொடுத்தவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. மொரீஷியஸில் ரிச் தேர் என்று ஓர் இடம். பிரெஞ்சில் வளமான நிலம் என்று பொருளாம். சீன முதலீட்டில் பெரிய தொழில் நகரம் வருகிறது, ஆயிரக்கணக்கில் வேலை என்று சொல்லி, குத்தகைக்குப் பயிர் செய்துவந்த சிறு விவசாயிகளை அங்கிருந்து கிளப்பினார்கள். பெரும்பகுதி பல வருடம் காலியாகவே கிடந்தது. இதைப் படித்தபோது எனக்கு என் தம்பியின் மாந்தோப்புதான் கண்ணில் நின்றது. இரண்டு ஏக்கர், எல்லாம் பெங்களூரா மரம், வருஷா வருஷம் மாங்கூழ் ஆலைக்குப் போகும் காய். ஒரு தொழில்பேட்டைக்கு எடுக்கிறோம் என்று அளந்தார்கள். மரத்துக்கு மரம் வெள்ளை பெயின்ட்டில் எண் எழுதினார்கள். 43 மரம். பணம் வந்தது, தம்பி மகள் கல்யாணத்தில் கரைந்தது. ஆலை வரவில்லை. மரங்கள் அப்படியே நிற்கின்றன, 17ஆம் எண் மரத்தில் மட்டும் பட்டை உரிந்து பெயின்ட் போய்விட்டது. போன சித்திரையில் காய் பறிக்கலாமா கூடாதா என்று கேட்கத் தம்பி ஆள் தேடினான். பதில் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. காய் பழுத்து விழுந்து, ஆடு தின்றது போக மீதி அழுகியது.

அந்தத் தீவிலிருந்து இன்னும் இரண்டு செய்தி, சுருக்கமாக. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டுத் துணி ஆலைகளை வரவழைத்தார்கள். ஹாங்காங் முதலாளிகள் வந்தார்கள், ஊரே வேலைக்குப் போனது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று வரம்பு வைத்திருந்த உலகத் துணி ஒதுக்கீட்டு முறை 2005இல் முடிந்ததும் பல ஆலைகள் மூட்டை கட்டின. அப்புறம் ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்த விலையை 36 சதவீதம் வெட்ட, கரும்புத் தோட்டக்காரர்கள் நிலத்தைச் சொகுசு வீடுகளாக்கி வெளிநாட்டவருக்கு விற்க ஆரம்பித்தார்கள். இத்தனை லட்சம் டாலருக்கு வீடு வாங்கினால் குடியிருக்க அனுமதி என்று சட்டமே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அங்கு வரும் நேரடி முதலீட்டில் மிகப் பெரிய பங்கு இந்த மனை, வீடு வியாபாரத்துக்குத்தான் போகிறது. பிரான்சும் தென்னாப்பிரிக்காவும் முன்னணியில். அந்த ஊர்க்காரர்கள் இதைப் பற்றி வாதாடுகிறார்கள், கோபப்படுகிறார்கள். வாதாட அவர்கள் கையில் எண் இருக்கிறது.

எனவே தங்களிடம் வேண்டுவது இது. அந்நிய முதலீடு வைத்திருக்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஜூலை 15க்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை கொடுக்கின்றன. அது தங்கள் மேசைக்கு வராது என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கவும் இல்லை. மாவட்ட அளவிலேயே கையில் இருப்பதைத் தொகுத்தால் போதும். எந்தத் தொழில்பேட்டையில் யாருக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்கினார்கள், எந்தத் தேதியில், அறிவித்த முதலீடு எவ்வளவு, கட்டடம் எழும்பியதா, மின் இணைப்பு எத்தனை கிலோவாட், தொழிற்சாலை உரிமத்தில் எத்தனை தொழிலாளர், அவர்களில் நம் மாவட்டத்தவர் எத்தனை பேர், நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை. வெளிநாட்டுப் பங்கு உண்டா, எந்த நாட்டின் வழியாக வந்தது என்பதை நிலம் ஒதுக்கும்போதே நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அரசுக்குத் தாங்கள் பரிந்துரை அனுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. மாவட்ட இணையதளத்தில் ஆண்டுக்கு ஒரு முறை தமிழில் இரண்டு பக்கம் போட்டால் போதும்.

நிலம் எடுத்த ஊராட்சிகளில் மட்டும், ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் அந்த ஊர்க் கணக்கைப் படித்துக் காட்ட உத்தரவிட வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் எடுத்து இன்னும் சும்மா கிடக்கும் நிலங்களின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். அவற்றில் காய்க்கும் மரங்களை, ஆலை வரும்வரை பழைய சொந்தக்காரரே பறித்துக்கொள்ள எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுத்தால் அரசுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. இந்த ஒன்றுக்காவது அடுத்த சித்திரைக்கு முன் உத்தரவு வேண்டும்.

தொகுப்புக்கான மாதிரிப் படிவம் ஒன்றை நானே இரண்டு பக்கத்தில் போட்டு இணைத்திருக்கிறேன். கணினியில் ஏற்ற ஆள் இல்லையென்றால் வாரம் இரண்டு நாள் வந்து உட்காரத் தயார், சம்பளம் வேண்டாம். அந்த மாணவி இப்போது ஓசூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். பார்க்கும்போதெல்லாம் "என்ன சார், அடுத்த வாரமா?" என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
சூளகிரி வட்டம்.