பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்: டைனருக்குத் தனியே போய் வாருங்கள்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். அண்ணனும் அண்ணியும் வேலைக்குக் கிளம்பிய பிறகு மாலை வரை சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதுதான் நியூ ஜெர்சியில் உங்கள் பொழுது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நடந்து போகும் தூரத்தில் டைனர் எனப்படும் எளிய அமெரிக்க உணவகம் ஒன்று இருப்பதையும், குடும்பத்தோடு அங்கே போயிருந்தபோது பணிப்பெண் அடுக்கடுக்காகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அண்ணனே உங்களுக்காகப் பதில் சொல்லிவிட்டதையும் அந்தப் பேச்சிலேயே குறிப்பிட்டீர்கள். அந்த டைனருக்கு, வாரநாள் ஒன்றில், ஒன்பதரை மணிக்கு மேல், நீங்கள் மட்டும் தனியாகப் போய்க் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டு வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பிள்ளைகள் வீட்டில் சில மாதங்கள் தங்க வரும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1872இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், மற்ற உணவகங்கள் எல்லாம் மூடிய பிறகும் வேலை பார்த்துக்கொண்டிருந்த செய்தித்தாள் ஊழியர்களுக்கு, குதிரை வண்டியில் வைத்து உணவு விற்றதிலிருந்து டைனரின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். வண்டிகள் மெல்ல ஓரிடத்தில் நிலைகொண்டன. பின்னர் தொழிற்சாலையிலேயே சமையலிடம், மேடை, இருக்கைகள் எல்லாவற்றோடும் கட்டி முடித்து, சாலையிலோ ரயிலிலோ ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும் கட்டடங்களாக அவை மாறின. அவற்றைச் செய்த நிறுவனங்கள் நியூ ஜெர்சியில்தான் மிகுதியாக இருந்தன என்பதால், இன்றும் டைனருக்குப் பேர்போன மாநிலம் அதுதான். பழைய டைனர்கள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதற்கு, ஏற்றிச் செல்லும் அளவுக்குள் அவை அடங்க வேண்டியிருந்ததே காரணம். எல்லாமே பழைய ரயில்பெட்டிகள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அப்படி மாற்றியமைத்தவையும் உண்டு, ஆனால் பெரும்பாலானவை டைனராகவே கட்டப்பட்டவை.

உள்ளே நுழைந்ததும், எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஒருவர் என்று சொல்லி, மேடையை ஒட்டிய உயரமான சுழல் இருக்கையில், அதாவது கவுன்ட்டரில், உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லுங்கள். சோஃபா போட்ட பூத் குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஏற்றது. தனியாக வருபவருக்கு அது மீண்டும் ஒரு சன்னலோரமாகத்தான் இருக்கும். கவுன்ட்டரில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் தாமாகவே வானிலையில் பேச்சைத் தொடங்குவார், அல்லது தொடங்கமாட்டார். இரண்டுமே அங்கே இயல்புதான். உங்களைப்போலப் பணி ஓய்வு பெற்றவர்கள் நாள்தோறும் ஒரே இருக்கைக்கு வருவதையும், அவர்கள் கேட்பதற்கு முன்பே காபி வைக்கப்படுவதையும் காண்பீர்கள்.

இந்த இருக்கைகளுக்கு ஒரு வரலாறு இருப்பதையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. 1961இல், நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் சென்றுகொண்டிருந்த சாட் நாட்டுத் தூதருக்கு, மேரிலாந்தில் 40ஆம் எண் நெடுஞ்சாலையோரத்து டைனர் ஒன்றில், அவர் கறுப்பர் என்பதாலேயே காபி தர மறுத்தார்கள். புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்களுக்கு அந்தச் சாலையில் இப்படி அடுத்தடுத்து நேர்ந்ததும், கென்னடி அரசு அந்த உணவகங்களோடு பேச வேண்டி வந்தது. உணவகங்களில் நிறத்தையோ மதத்தையோ பிறந்த நாட்டையோ காட்டி மறுக்கக்கூடாது என்பது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தால்தான் நாடு முழுமைக்கும் உறுதியாயிற்று. வேட்டியோடு போனால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கினீர்களே, அதனால் இதை எழுதினேன். வேட்டியோடே போகலாம், குளிருக்கு மட்டும் மேலே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, உங்களைத் தயங்க வைத்த கேள்விகளுக்கு வருகிறேன். பணிப்பெண் உங்கள் ஆங்கிலத்தைச் சோதிப்பதில்லை. உங்கள் தட்டை உங்கள் விருப்பப்படியே சமைக்க வேண்டும் என்பதுதான் அந்த இடத்தின் தொழில்முறை, அதனால்தான் கேட்கிறார். முட்டை எப்படி வேண்டும் என்பது முதல் கேள்வி. மஞ்சள்கரு மேலே தெரிய, திருப்பிப் போடாமல் எடுப்பது சன்னி சைட் அப். திருப்பிப் போட்டு, கருவைக் குழைவாகவே விடுவது ஓவர் ஈஸி. பாதி இறுகியது ஓவர் மீடியம். முழுதும் வெந்தது ஓவர் ஹார்ட். கலக்கிக் கிளறியது ஸ்க்ராம்பிள்டு. நீங்கள் நன்றாக வெந்த முட்டையைத்தான் விரும்புவீர்கள் என்பதால் ஓவர் ஹார்ட் என்று சொல்லுங்கள். ரொட்டி எது என்பது அடுத்த கேள்வி. ஒயிட், வீட், ரை ஆகிய மூன்றும் அநேகமாக எங்கும் உண்டு. ரை என்பது கோதுமையைப் போன்ற ஒரு தானியம்; அந்த ரொட்டியில் பெரும்பாலும் சீமைச்சோம்பு தூவியிருக்கும், உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உருளைக்கிழங்கு துண்டு துண்டாக வேண்டுமா, துருவி வறுத்ததாக வேண்டுமா என்றும் சில இடங்களில் கேட்பார்கள். முதலாவது ஹோம் ஃப்ரைஸ், இரண்டாவது ஹாஷ் பிரவுன்ஸ். கையில் தரும் அட்டை பல பக்கங்களுக்கு நீண்டு, இரவு உணவையும் சேர்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். காலைச் சிற்றுண்டி ஓரிரு பக்கங்கள்தான், அதுவும் பெரும்பாலான டைனர்களில் நாள் முழுதும் கிடைக்கும்.

இறைச்சி சாப்பிடாத உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஓட்டல் தோசைக்கல்லைப் போன்ற அகன்ற இரும்புத் தட்டு ஒன்றின் மேல்தான் முட்டை, உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி எல்லாமே அருகருகே வேகும். தனியாக ஒரு வாணலியில் செய்து தர முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம். முடிந்தால் செய்வார்கள், முடியாவிட்டால் முடியாது என்பார்கள். அதுவும் மனத்துக்கு ஒவ்வாது என்றால், ஓட்ஸ் கஞ்சி, பழம், வாட்டிய ரொட்டி என்று நிறுத்திக்கொள்ளுங்கள். டெய்லர் ஹாம், போர்க் ரோல் ஆகிய இரண்டு பெயர்களும் நியூ ஜெர்சிக்காரர்கள் பெருமையாகப் பேசும் ஒரே பன்றி இறைச்சியைக் குறிப்பவை. அவை அட்டையில் தெரிந்தால் கடந்துவிடுங்கள். அந்தப் பகுதி டைனர்கள் பலவற்றைக் கிரேக்கக் குடும்பங்கள் நடத்திவந்திருப்பதால், பசலைக்கீரையும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் வைத்த ஆம்லெட் பெரும்பாலும் இருக்கும். என் கணக்கில் உங்களுக்கு மிகவும் ஏற்றது அதுதான். காரம் போதாவிட்டால் ஹாட் சாஸ் கேளுங்கள்.

காபி, நீங்கள் பழகிய காபி அல்ல. பாலில்லாமல் நீர்த்து இருக்கும், கிரீமைத் தனியாகத் தருவார்கள், கோப்பை காலியாகக் காலியாக வந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் அதற்கு மறுபடி காசு கிடையாது. போதும் என்றால் சொல்லிவிட வேண்டும். உங்கள் மகள் வயதுப் பணிப்பெண் உங்களை 'ஹன்' என்று, அதாவது கண்ணே என்பதுபோல, அழைத்தால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீதிபதி வந்து உட்கார்ந்தாலும் அவர் அப்படித்தான் அழைப்பார்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அட்டையில் உள்ள விலையோடு 6.625 விழுக்காடு விற்பனை வரி சேரும். அதற்கு மேல் டிப்ஸ் எதற்கு என்பது உங்கள் கேள்வி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம், கூட்டாட்சிச் சட்டப்படி 1991 முதல் மணிக்கு வெறும் 2.13 டாலர்தான். நியூ ஜெர்சி அதைவிடக் கூடுதலாகத் தரச் சொல்கிறது என்றாலும், 2025இல் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15.49 டாலராக இருந்தபோது, டிப்ஸ் பெறுபவருக்கு முதலாளி தர வேண்டியிருந்த ரொக்கம் 5.62 டாலர்தான். மிச்சத்தை டிப்ஸ் நிரப்பவில்லையென்றால் முதலாளி நிரப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; ஆனால் அந்தப் பெண்ணின் பிழைப்பு மேசையில் விடப்படும் நோட்டுகளால்தான் நடக்கிறது. முதலாளியின் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டும் இந்த ஏற்பாடு எனக்கும் உடன்பாடில்லை. அதற்கான கோபத்தைப் பணிப்பெண்ணிடம் காட்டுவது நியாயமாகாது என்பதால், ஐந்தில் ஒரு பங்கு வைத்துவிடுவதே முறை. சாப்பிட்டது 15 டாலருக்கு என்றால், வரி ஏறத்தாழ ஒரு டாலர், டிப்ஸ் 3 டாலர், ஆக 19. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பல டைனர்களில் பில்லை வாசலருகே உள்ள கல்லாவில் கட்ட வேண்டும். டிப்ஸை மட்டும் உட்கார்ந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். அதற்காக ஒரு டாலர் நோட்டுகள் சிலவற்றை அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. அங்கே எல்லோரும் செய்வது அது.

தனியாகப் போக ஞாயிறு காலை மட்டும் வேண்டாம். அன்று வாசலிலேயே கூட்டம் காத்திருக்கும். உங்களுக்கும் நிதானமாகப் படித்துச் சொல்ல நேரம் இருக்காது, பணிப்பெண்ணுக்கும் நின்று கேட்க நேரம் இருக்காது. போகும் வழியில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், சிக்னல் கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டு, நடப்பவர் உருவம் ஒளிரும் வரை நின்று கடந்து செல்லுங்கள். கைப்பேசியையும் வீட்டுச் சாவியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வருவதாகச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்