ஸ்கோரையும் சேர்த்து எழுது

அன்புள்ள பரணி,

மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் ஆடப்போகிற உன் ஆட்டக்காரிக்காக, எதிராளிகளின் ஆட்டத்தைப் பார்த்து நீ குறித்த தாளை ரவி போனில் காட்டினான். எனக்கு அனுப்பாமல் அவனுக்கு அனுப்பியிருக்கிறாய். சரி, யார் பார்த்தால் என்ன. முதல் சர்வீஸ், இரண்டாம் சர்வீஸ், வைடு (வெளியோரம்), பாடி (உடம்பை நோக்கி), டீ (நடுக்கோடு) எல்லாம் தனித்தனிக் கட்டம். வலது டியூஸ் பக்கத்தையும் இடது ஆட் பக்கத்தையும் பிரித்திருக்கிறாய். இதைத் தொழிலாகச் செய்கிறவர்களே பல பேர் அதைக் கலந்துகட்டி வைப்பார்கள். அப்பாவும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் ஸ்கோர் எங்கே? அந்த இடதுகைப் பெண் ஆட் பக்கம் போட்ட 29 முதல் சர்வீஸில் 17 வைடு என்று எழுதி, கீழே "பெரும்பாலும் வைடு" என்று அடிக்கோடு வேறு. 40-0இல் போட்ட வைடும் 30-40இல் போட்ட வைடும் ஒன்றா? சர்வீஸ் போடுகிறவள் அந்த கேமையே இழக்கக்கூடிய பிரேக் பாயின்ட்டுகளில் 15-40 ஒன்றுதான் டியூஸ் பக்கம் வரும். 0-40, 30-40, அட்வான்டேஜ் எல்லாமே ஆட் பக்கம். இடதுகைக்காரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஸ்லைஸ் வளைந்து வெளியே போய், வலதுகைக்காரியின் பேக்ஹேண்டைக் கோர்ட்டை விட்டே இழுத்துவிடும். நெருக்கடியில் அவள் அதையே போடுகிறாளா, எதிராளி காத்திருப்பாள் என்று டீக்கு மாற்றுகிறாளா? உன் ஆள் உன்னிடம் கேட்கப்போவது அதை மட்டும்தான். 17 என்ற எண்ணில் அதற்குப் பதில் இல்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் பக்கத்தில் ஸ்கோரை எழுது. ஒரு மேட்ச்சில் அப்படிப்பட்ட பாயின்ட் ஆறோ ஏழோதான் வரும். அதை வைத்துச் சத்தியம் செய்துவிடாதே. "இதுவரை" என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்.

குவாலிஃபையிங் (மெயின் போட்டிக்குள் நுழைவதற்கான தகுதிச் சுற்று) டிரா, அதாவது யார் யாரோடு என்ற பட்டியல், வந்தவுடனே உன் ஆள் இருக்கும் எட்டுப் பேர் கட்டத்தை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள். 128 பேர், 16 கட்டம், கட்டத்துக்கு இரண்டு சீட் (ரேங்கிங்கில் மேலே இருப்பதால் தரவரிசை கொடுக்கப்பட்டவர்கள்), மூன்று சுற்று ஜெயித்தால் ஒருத்தி உள்ளே. முதல் சுற்றில் உன் ஆளின் ஆட்டத்தை அவளுடைய கோச் பார்த்துக்கொள்வார். நீ பக்கத்து ஆட்டத்துக்குப் போ, அடுத்த எதிராளி அங்கேதான் இருக்கிறாள். ஜெயிக்கிறவளை மட்டும் பார்க்காதே. முதல் செட்டை 6-1 என்று இழந்தவள் திரும்பி வருவது குவாலிஃபையிங்கில் தினமும் நடக்கும். வந்தபின் உன் தாளில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

உட்காருகிற இடம் முக்கியம். பேஸ்லைனுக்குப் பின்னால், இரண்டு மூன்று படி உயரம் கிடைத்தால் போதும். நெட்டுக்கு நேரே பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து நெட்டுக்கு எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு ஆழத்தில் விழுகிறது என்பது தெரியும், திசை தெரியாது. நடுவே இரண்டு கேம் மட்டும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வா. பந்து பின்னாலேயே கண் போகும், அதுதான் எல்லாருக்கும் வரும் தப்பு. சர்வீஸ் போடுகிறவள் பந்தை மேலே எறிகிற இடத்தைப் பார், உடனே ரிட்டர்ன் எடுக்கிறவளின் காலைப் பார். இரண்டாம் சர்வீஸுக்குக் கோட்டுக்கு உள்ளே வருகிறாளா, பின்னால் தள்ளி நிற்கிறாளா? அதை மீட்டர் கணக்கில் எழுது. "அக்ரசிவ்" என்று எழுதாதே, அதை வைத்து யாரும் சர்வீஸ் போட முடியாது.

பந்து மாற்றுவது முதலில் 7 கேம் முடிந்து, பிறகு 9 கேமுக்கு ஒருமுறை. அதைத் தாளில் ஒரு கோடாகப் போடு. புதுப் பந்தில் ரிட்டர்ன் நீளமாகப் போவதைக் கை நடுக்கம் என்று எழுதிவிடுவாய். காற்றும் அப்படித்தான். மெல்போர்னில் வடக்கேயிருந்து அனலாக வீசிக்கொண்டே இருக்கும், திடீரென்று தெற்கே திரும்பிக் குளிரும். திரும்பிய கேமைக் குறி. இங்கே தை வெயில் தெற்கே சாயும், அங்கே வடக்கே. வடக்கு பார்த்து சர்வீஸ் போடுகிறவளுக்குத்தான் கண் கூசும். அந்தப் பக்கத்து டபுள் ஃபால்ட்டை (இரண்டு சர்வீஸும் தப்புவது) தனியாக எண்ணு. தொப்பி போட்டுக்கொள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

சித்தி வந்திருந்தாள். "குவாலிஃபையிங்தானே அக்கா, மெயின் மேட்ச் இல்லையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 2021 யு.எஸ். ஓபனில் எம்மா ரடுகானு குவாலிஃபையிங்கிலிருந்து தொடங்கி 10 மேட்ச், ஒரு செட்கூட விடாமல் கோப்பை எடுத்ததைச் சொன்னேன். 2024இல் சுமித் நாகல் இதே மெல்போர்னில் குவாலிஃபையிங் தாண்டி வந்து 31ஆம் சீட் புப்ளிக்கை நேர்செட்டில் அடித்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஒரு சீட்டை ஓர் இந்திய ஆண் தோற்கடித்தது அதற்கு முன் 1989இல், நம்ம ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை அடித்தபோதுதான். சித்தி காபியைக் குடித்துவிட்டு, "அப்போ பரணி வேலையை..." என்று இழுத்தாள். நான் எழுந்து அடுப்பை அணைக்கப் போய்விட்டேன்.

மூன்றாம் சுற்றுத் தாளை மட்டும் அப்படியே நம்பாதே. 2025ஆம் வருஷக் கணக்கு: முதல் சுற்றில் தோற்றால் 35,000 ஆஸ்திரேலிய டாலர், இரண்டாவதில் 49,000, மூன்றாவதில் 72,000. தாண்டி உள்ளே போய் முதல் சுற்றிலேயே தோற்றாலும் 132,000. அந்தக் கணக்கில் ஒரு மேட்ச்சில் 60,000 டாலர் தொங்குகிறது. 5-4இல் கை இறுகும், இரண்டாம் சர்வீஸ் வேகம் குறையும், மூன்றாம் செட் 6-6 ஆனால் 10 பாயின்ட் டைபிரேக் வேறு. அன்றைக்கு அவள் ஆடியது அவளுடைய வழக்கமான ஆட்டம் ஆகாது. அந்தப் பணத்திலும் வரி, விமானம், கோச், பிசியோ எல்லாம் போக உன் ஆள் கையில் என்ன மிஞ்சும், அதில் உனக்கு என்ன வரும், அதையெல்லாம் நான் கேட்கவில்லை. நீ யோசித்துத்தான் செய்திருப்பாய்.

கடைசிச் சுற்றில் தோற்றாலும் அவளை ஊரைவிட்டுக் கிளம்ப விடாதே. தோற்றவர்களில் ரேங்கிங் மேலே இருக்கிற சிலரின் பெயரைக் குலுக்கிப் போட்டுத்தான் லக்கி லூசர் (யாராவது விலகினால் அந்த இடத்தில் உள்ளே போகிறவர்) வரிசை போடுகிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் வேண்டுமென்றே தோற்பார்கள் என்று. தினமும் ஆட்டம் தொடங்குமுன் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். 2018 பிரெஞ்ச் ஓபனில் நம்ம பிரஜ்னேஷுக்கு அந்த இடம் கிடைத்திருக்கும். அவர் இத்தாலியில் சாலஞ்சர் என்ற சின்னப் போட்டி ஆடக் கிளம்பிவிட்டார். அர்ஜென்டினாக்காரர் ட்ருஞ்செலிட்டி பார்சிலோனாவிலிருந்து பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு பாரிஸ் வந்து அந்த இடத்தில் ஆடி, டோமிக்கை ஜெயித்தே விட்டார். பிரஜ்னேஷுக்கு 2020இல் மெல்போர்னில் அதே லக்கி லூசர் வழி திறந்தது. போனை எடுக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவளைச் சொல்கிறேன்.

குவாலிஃபையிங்கும் பொங்கலும் இந்தத் தடவை ஒரே வாரம். உனக்கு அன்றைக்கு லீவு இருக்காது, தெரியும். அடுத்த தாளை ரவிக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு. ஸ்கோரோடு.

அம்மா

பி.கு. அங்கே வாடகை வாரக் கணக்கா, மாசக் கணக்கா? ரவியின் சிநேகிதன் ஒருவன் வரப்போகிறானாம், அவனுக்காகக் கேட்டேன்.