எல்லா வாசல்களையும் திறந்து வையுங்கள்

இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மைதானத்துக்கு வெளியே நடந்தது உங்களுக்கே தெரியும். 8 வாசல் இருந்தும் இரண்டைத்தான் திறந்தீர்கள். உள்ளே டிரம்ஸ் சத்தம் கேட்டதும் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள். என் மகளின் செருப்பு கழன்றது. எடுக்கக் குனிந்தாள். "குனியாதே!" என்று நான் போட்ட கத்தலில் பிள்ளை நடுங்கிப்போனாள். வெறுங்காலோடுதான் உள்ளே வந்தாள். கச்சேரி முடியும்வரை என் கையை விடவே இல்லை.

ஏன் கத்தினேன் என்று அவளிடம் அன்றிரவு சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் கச்சேரி. விற்ற 18,000-க்கும் அதிகமான டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றில் இருக்கை எண் கிடையாது. முந்திப் போனவருக்கு முன்னிடம். அந்தக் குளிரிலும் பிற்பகலிலிருந்தே காத்து நின்றார்கள். உள்ளே ஒலிச் சோதனை நடந்த சத்தத்தைக் கேட்டு, கச்சேரி தொடங்கிவிட்டதென்று நினைத்து நெருக்கினார்கள். திறந்திருந்தவையோ சில கதவுகள்தான். 11 பேர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். அவர்களில் 15 வயதுப் பிள்ளைகளும் உண்டு. உள்ளே கச்சேரி முழுதாக நடந்தது. பாடியவர்களுக்கே விஷயத்தை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். வாசலில் சிதறிக் கிடந்தவை செருப்புகளும் ஷூக்களும்.

அந்த மாதமே அந்த நகரம் எண் இல்லாத டிக்கெட்டுக்குத் தடை போட்டது. 2004 வரை அந்தத் தடை நீடித்தது. இது நடந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நீங்கள் இரண்டு வாசலைத் திறந்துவிட்டு மற்றதைப் பூட்டி வைக்கிறீர்கள். விஐபி வாசலில் மட்டும் நெரிசலே இல்லை, அதையும் பார்த்தேன். வண்டி நிறுத்தக் காசு, தண்ணீர் பாட்டிலுக்குக் காசு, எல்லாம் கொடுத்தோம். வாசலில் நிற்க நாலு ஆட்களைப் போட முடியாதா?

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: எல்லா வாசல்களையும் திறந்து வையுங்கள், அதுவும் ஒலிச் சோதனை முடிந்த பிறகு. அடுத்த மாதக் கச்சேரிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிவிட்டது. எத்தனை வாசல், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை அந்த டிக்கெட்டிலேயே அச்சடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைதானத்துக்கு வந்த ஒரு தகப்பன்