எவ்வளவுக்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் பாலத்து முகப்பில் மீன் வறுவல் தின்றவர்கள், தங்கச்சிமடம் சாலையில் நுங்கு வாங்கியவர்கள், சாயல்குடிப் பக்கம் வண்டியை நிறுத்திக் கருப்பட்டி கட்டிக்கொண்டு போனவர்கள் என்று ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் ஒரு கூட்டம் 'தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள்' என்று குறைப்பட்டுக்கொள்கிறது. பனை, மீன், கருவாடு மூன்றோடும் நாளும் புழங்குகிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

உதிரியாக விற்கும் நுங்குக்கும் இளநீருக்கும் பச்சை மீனுக்கும் அதிகபட்ச சில்லறை விலை என்று ஒன்று கிடையாது. கேட்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நடையைக் கட்டலாம், அவ்வளவுதான். புகாருக்கு உரியது அளவு. எடை, அளவு, எண்ணிக்கை இவற்றில் ஒன்றைக் கொண்டே விலை சொல்ல வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். நம் சாலையோரத்தில் 'எவ்வளவு?' என்று கேட்கிறோம், 'நூறு' என்கிறார்கள். எதற்கு நூறு என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஏமாற்று நடப்பதெல்லாம் அந்த இடுக்கில்தான்.

நுங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காயில் பெரும்பாலும் 3 கண் இருக்கும், சிலவற்றில் இரண்டோ ஒன்றோதான். ஒரு கண்ணுக்கு ஒரு சுளை. 'ஆறு அம்பது ரூபா' என்றால் அது 6 காயா, 6 சுளையா? காய் என்றால் 18 சுளை வரை வரும், சுளை என்றால் 2 காய்தான். விலை ஒன்றே, பொருள் மூன்று மடங்கு மாறுகிறது. 'அக்கா, இது காய்க்கா, கண்ணுக்கா?' என்று அரிவாள் காயில் படுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சீவிய பிறகு கேட்டால் சண்டைதான். முன்பே உரித்துத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கும் சுளையில் முற்றலும் கலந்திருக்கும். பெருவிரலால் லேசாக அழுத்தினால் இளசு அமுங்கிக் கொடுக்கும், உள்ளே நீர் ததும்புவது தெரியும். கல்லுப்போல் நின்றால் வைத்துவிடுங்கள்.

பதநீரில் விலையைவிட நேரத்தைப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிவதால்தான் அது கள்ளாக மாறாமல் நிற்கிறது. விடியலில் இறக்கியது வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கிவிடும். பிற்பகல் 3 மணிக்கு வெயிலில் நிற்கும் பிளாஸ்டிக் குடத்திலிருந்து புளிப்பே இல்லாத, ஒரே சீரான இனிப்புள்ள 'பதநீர்' வருகிறது என்றால் அதில் சீனித் தண்ணீரோ சாக்கரினோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சாக்கரின் குடித்து முடித்தபின் அடித்தொண்டையில் ஒரு கசப்பை விட்டுப்போகும். நல்ல பதநீரில் பனை வாசமும், சுண்ணாம்பின் மெல்லிய கரிப்பும் இருக்கும். சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கைப் பிடிக்கும். அது கலப்படம் இல்லை, கைப்பக்குவம் தவறியது. மழைக்காலம் முழுக்கப் 'பதநீர்' என்று பலகை வைத்திருக்கும் கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கருப்பட்டியில் ஏமாற்று தலைகீழ். இங்கே கூடுதல் விலையைவிடக் குறைந்த விலைதான் ஆபத்து. 1 கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். அன்றைக்குப் பதநீர் லிட்டர் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு, உற்பத்தியாகும் இடத்தில் அதில் பாதிதான் இருக்கும் என்று வைத்து, 8-ஆல் பெருக்குங்கள். லிட்டர் 60 என்றால் பாதி 30, எட்டு லிட்டருக்கு 240. விறகுக் கூலியும் கிண்டுகிற கூலியும் இதில் சேரவில்லை. அதற்கும் கீழே ஒருவர் 'சுத்தமான பனங்கருப்பட்டி, கிலோ 180' என்றால் சீனியோ கரும்பு வெல்லமோ எந்த அளவுக்குக் கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சிரட்டையில் ஊற்றிய வடிவத்தை நம்பாதீர்கள், சீனிப்பாகையும் சிரட்டையில் ஊற்றலாம். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். சீனி சேர்ந்தது உடைந்த முகத்தில் மினுமினுக்கும். அசல் மங்கலாக, கருமை ஏறிய பழுப்பாக இருக்கும், நாக்கில் இனிப்போடு ஒரு உப்புக் கரிப்பும் தட்டும். உடைக்க மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

மீனுக்கு வருவோம். வாய்த்தகராறு அதிகம் நடப்பது இங்கேதான். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய 3 நாள்தான் கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரை சேரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோடை விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் வந்து குவிகிறது. வரத்து குறைந்து விலை ஏறுவது இயல்பு, அதை ஏமாற்று என்று சொல்லக்கூடாது. ஆனால் மே மாதத்தில் ஒரே அளவில் தட்டு நிறைய இறாலை அடுக்கிவைத்து 'நேத்து ராத்திரி கடல்ல பிடிச்சது' என்று சொன்னால், அது பண்ணையில் வளர்த்த வனாமியாக இருக்கக்கூடும். வனாமி தின்னலாம், தப்பில்லை. கடல் இறால் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வறுவல் கடையில் முழு மீனைக் காட்டி விலை பேசும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எடை சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? மசாலாவும் பொரிக்கூலியும் இதில் சேர்ந்ததா? எத்தனை துண்டு வரும்? கிலோ 500 என்று ஒப்புக்கொண்டு ஒன்றரைக் கிலோ பாறை எடுத்தால் 750 ரூபாய். தலையும் குடலும் செதிலும் போனால் ஒரு கிலோவுக்குப் பக்கம்தான் நிற்கும், எண்ணெயில் வெந்ததும் இன்னும் சுருங்கும். தட்டைப் பார்த்து 'பாதி மீனைக் காணோம்' என்று கத்துகிறவர்களில் பலர் இந்தக் கணக்கு தெரியாதவர்கள். உண்மையிலேயே பாதி காணாமல் போவதும் உண்டு. அதனால் வெட்டும்போது நின்று துண்டுகளை எண்ணுங்கள், தலையையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். மசாலா தடவிய பிறகு வஞ்சிரமா பாறையா என்று கண்டுபிடிப்பது எங்களுக்கே சிரமம், முழு மீனாக இருக்கும்போது சுலபம். பாறைக்கு வாலை ஒட்டிப் பக்கவாட்டில் முள்ளாக ஒரு செதில் வரிசை ஓடும், விரலை வாலிலிருந்து முன்னோக்கி இழுத்தால் கீறும். வஞ்சிரத்தின் தோல் வழவழப்பு.

நண்டு வாங்கினால் வயிற்றுப் பக்கத்தை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அண்மையில் ஓடு மாற்றியது, எடையில் பெரும்பங்கு தண்ணீர்.

கருவாட்டில் உப்பு, மணல், ஈரம் மூன்றையும் மீன் விலைக்கு விற்கலாம். மணலில் காய்ந்த நெத்திலிக்கும், வலையிலோ தளத்திலோ காய்ந்த நெத்திலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு செய்தித்தாள் காட்டிக்கொடுக்கும். இரண்டு கைப்பிடி எடுத்துத் தாளில் போட்டு உதறி, கருவாட்டை அள்ளிவிட்டுத் தாளில் என்ன மிச்சம் என்று பாருங்கள். நெத்திலி, சாளை போன்ற சின்னக் கருவாடு வளைத்தால் ஒடிய வேண்டும், துவண்டால் காய்ச்சல் போதாது. பெரிய துண்டுக் கருவாடு ஒடியாது. அதில் பெருவிரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெயில் இல்லாததால் ஈரக் கருவாடுதான் அதிகம் வரும். அப்போது விலை குறைவாகத் தெரிந்தாலும் வீட்டில் இரண்டு நாள் காயவைத்தபின் மிஞ்சும் எடைக்குக் கணக்குப் போட்டால் குறைவாக இருக்காது. கூறு போட்டு விற்பதைச் சட்டம் அளவாக ஏற்பதில்லை. ஆனாலும் கண் முன்னால் மண்ணில் கிடக்கும் கூறு, கடைக்காரர் பக்கம் திரும்பி நிற்கும் மின்தராசைவிட யோக்கியமானது என்பது எங்கள் கட்சி. பெரியதை மேலே வைத்துப் பொடியை அடியில் ஒளித்திருக்கிறார்களா என்று ஒரு தடவை கிளறிப் பார்த்தால் போதும்.

தராசைப் பற்றி விவரமாகவே சொல்ல வேண்டும். மின்தராசை ஆண்டுக்கு ஒரு முறையும், இரும்பு எடைக்கற்களை 2 ஆண்டுக்கு ஒரு முறையும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். முத்திரையில் ஆண்டும், எந்தக் காலாண்டு என்பதைக் காட்டும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். முத்திரை இருந்தும் ஏமாற்றலாம். சாதாரணமாக நடப்பது இது: மீன் கிடக்கும் ஈரப் பிளாஸ்டிக் கூடையோடு எடை போடுவார்கள், கூடையின் எடையைக் கழிக்க மாட்டார்கள். கூடை 150 கிராம் என்றால் அரைக் கிலோ வாங்குகிறவருக்கு 350 கிராம்தான் கிடைக்கிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போச்சு. வெறும் கூடையை முதலில் வைத்து எண்ணைச் சைபர் ஆக்கச் சொல்லுங்கள், அதன் பிறகு மீன் விழட்டும்.

தராசையே சந்தேகப்பட்டால் சோதனைக் கல் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. திறக்காத 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தட்டில் வையுங்கள். தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோ, காலி பாட்டிலும் மூடியும் சேர்ந்து சில பத்து கிராம். 1 கிலோவுக்குச் சற்று மேலே காட்டினால் தராசு சரி. 1 கிலோ 120, 150 என்று காட்டினால் உங்களுக்கு ஒவ்வொரு கிலோவிலும் ஏறக்குறைய 80 முதல் 100 கிராம் வரை போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு எந்த நேர்மையான வியாபாரியும் கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே 'வச்சுப் பாருங்கண்ணே' என்பார்.

அந்தப் பாட்டிலுக்கே அச்சிட்ட விலைக்கு மேல் 'ஐஸ் காசு' என்று 5 ரூபாய் கேட்பது சட்டப்படி தவறு. கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பைப் பெட்டியில் போட்டுத் தரும்போது பெட்டியையும் சேர்த்து எடை போடுவதும் அப்படித்தான், 60 கிராம் அட்டைக்குத் தொதல் விலை போகிறது. பனங்கிழங்குக் கட்டை வாங்குமுன் அவிழ்த்து எண்ணுங்கள், நடுவில் சுண்டுவிரல் தடிமனில் சில ஒளிந்திருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் நன்றாகக் காய்ந்திருந்தால் காதருகே குலுக்கும்போது விதை கலகலக்கும், ஈரமானது சத்தம் போடாது.

நியாயமாகவே விலை கூடும் இடங்களும் உண்டு. தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனைக்குப் போகும் ஐஸ் கட்டி ராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வெயிலில் கரைந்துகொண்டே போகிறது. பனை ஏறுகிறவர் பாளை சீவக் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும், அந்தக் கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. உரித்த நுங்கு மாலைக்குள் விற்காவிட்டால் மாட்டுக்குத்தான். வாடகைக் காரோட்டி குறிப்பிட்ட கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் அவருக்குக் கொடுக்கும் தரகும் உங்கள் தட்டின் விலையில் ஏறுகிறது. ஐம்பது அடி தள்ளி நடந்துபோய் அடுத்த கடையில் கேட்டாலே அது தெரிந்துவிடும்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டை தரும்போதே, 'நுங்கு, 1 சுளை, இத்தனை ரூபாய்', 'மீன், சுத்தம் செய்யுமுன் 1 கிலோ, பொரிக்கூலி தனி' என்று பொருள், அளவு, விலை மூன்றும் எழுதிய சிலேட்டுப் பலகை ஒன்றைக் கட்டாயமாக்கலாம். எழுத்து தமிழிலும் இந்தியிலும் இருந்தால் வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர்களுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்பதும் குறையும். பாம்பன் பாலத்து முகப்பு, அக்னி தீர்த்தக் கடற்கரை, அரிச்சல்முனை மூன்று இடங்களிலும் முத்திரையிட்ட பொதுத் தராசு ஒன்றும், பக்கத்தில் 1 கிலோ எடைக்கல் ஒன்றும் வைக்கலாம். வாங்கியதை யாரும் தாங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

அதுவரை, எடைக் குறைவுக்கும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியதற்கும் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவையும், கலப்படத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையையும் நாடுங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுப்பதால்தான் பல மனுக்கள் மேசை மேசையாக அலைகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். தராசின் எண் தெரியும்படி பொருளோடு ஒரு படம், இடம், நாள், நேரம் இவை இருந்தால் போதும், விற்பவரின் முகத்தைப் படம் பிடிக்கத் தேவையில்லை. சாலையோரத்தில் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அன்றைய நுங்கை அன்றைக்கே விற்று அரிசி வாங்குகிறவர்கள். சோதனைக்கு வரும் அதிகாரிகள் அவர்களிடம் போகுமுன், கூரையும் மேசையும் போட்டு, தராசைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும் கடைகளிலிருந்து தொடங்கட்டும். ஆடி அமாவாசைக் கூட்டம் வருவதற்குள் அந்தத் தராசுகள் வாடிக்கையாளர் பக்கம் திரும்பினால் நல்லது.

இப்படிக்கு,
பனை, மீன் தொழிலோடு புழங்கும் வாசகர்கள் சிலர்,
மண்டபம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.