பர்மாவின் தான்லின் ஊர்ச் சொந்தங்களுக்கு

வணக்கம். முப்பது வருஷம் வெளிநாட்டில் வளர்ச்சிப் பொருளாதாரம் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவளுக்குப் போன வாரம் கோயில் மண்டபத்தில் மாலை போட்டீர்கள், சோறு போட்டீர்கள், பேசவும் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. அன்று விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படகுத்துறை ஆப்பக்கடை அத்தைக்கு. 1987 செப்டம்பர் 5. அப்போது பாலம் ஏது, ரங்கூன் போகப் படகுதான். 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது, மாற்றித் தரவும் மாட்டோம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். என் கடைசி வருஷப் படிப்புக்கு, விடுதிக்கும் புத்தகத்துக்கும் என்று அப்பா சேர்த்தது அத்தனையும் 75 கியாட் நோட்டு. மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அதை எடுத்து எண்ணினார். மறுபடியும் முடிந்து அதே பானைக்குள் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் அத்தை வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எல்லாம் ஒரு கியாட், ஐந்து கியாட், பத்து கியாட். பெரிய நோட்டு புழங்காத கடை என்பதால் தப்பித்த பணம். புளித்த மாவு வாசம் அடித்தது. எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கவில்லை. “படிச்சு முடி, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார், அவ்வளவுதான். அந்த டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. வகுப்பில் அந்த வருஷத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது அரிசிப் பானைதான்.

அடுத்து, இப்போது இல்லாத கணக்கப்பிள்ளைத் தாத்தா. சின்ன வயதில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியாரின் கிட்டங்கியில், அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் கடையில், பேரேடு எழுதியவர். பற்று, வரவு, நடப்பு வட்டி எல்லாம் அவர் திண்ணையில் கற்றதுதான். என் ஆய்வே அதில் முளைத்தது. 1930களில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாமல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. நம்மவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நான் எழுதவில்லை. அதில் உங்களில் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு, தெரியும். ஆனால் தாத்தாவே சொன்னார்: “நெலம் எங்க பேருக்கு வந்துச்சு, நட்டவனுக்கு என்ன வந்துச்சு?”

ஹ்லா மியின்ட்டை நான் பார்த்ததே இல்லை. ரங்கூன் பல்கலைக்கழகத்தை நடத்தியவர், பிறகு லண்டனில் பொருளாதாரப் பேராசிரியர். ஆனாலும் அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். வாணிபம் திறந்ததும் சும்மா கிடந்த நிலமும் சும்மா இருந்த கையும் வேலைக்கு வந்தன என்ற அவருடைய 1958 கட்டுரையைப் படித்தபோது, நம் ஊர் வயலைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கை எல்லாம் இங்கே இருந்த கை இல்லையே, கடல் தாண்டிக் கப்பலில் வந்ததும் உண்டே என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். என் முப்பாட்டனும் அப்படி வந்தவர்தானே.

குடியுரிமைக் காகிதத்துக்காக நான் அலைந்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட மூன்று தடவை கூடவே வந்த பக்கத்து வீட்டு அமேக்கும் (பர்மிய மொழியில் அம்மா), 1988க்குப் பிறகு கல்லூரிகள் மூடிக் கிடந்த நாட்களில் என்னைச் சென்னைக்கு வரவழைத்து, பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்ற காசில் எம்.ஏ. படிக்க வைத்த சித்திக்கும் நன்றி.

நேற்று அத்தையின் கடனைத் தீர்க்கலாம் என்று கடைக்குப் போனேன். உறையைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டார். உட்கார வைத்து ரெண்டு ஆப்பம் வைத்தார். அதற்கு மட்டும் காசு கேட்டு வாங்கிக்கொண்டார்.