தண்ணியில்லாக் காட்டிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

போன தடவை பேசும்போது, "ராம்நாட்டுல வெயிலையும் சீமைக்கருவேலத்தையும் விட்டா என்னடா இருக்கு?" என்று கேட்டீர்கள். அப்போது சிரித்துச் சமாளித்தேன். இப்போது ஆற அமர எழுதுகிறேன்.

அரண்மனைப் பக்கம் துணி எடுக்கப் போவோம், சாமான் வாங்கப் போவோம். அரண்மனையின் கொலு மண்டபமான ராமலிங்க விலாசத்துக்குள் மட்டும் நுழைய மாட்டோம். நான் இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். கட்டியவர் நம் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி. ஓவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, 1720 வாக்கில் வரைந்தவை. சுவர், விதானம், வளைவு என்று கண் போகிற இடமெல்லாம் படம்தான். ராமாயணக் காட்சிகளுக்குத் தமிழிலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தஞ்சை மராட்டியரோடு சண்டை. இன்னொரு பக்கம் மதுரை நாயக்கர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் செய்கிறார். ஐரோப்பியர்கள் வந்து சேதுபதியைப் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது மேல்மாடிதான். கீழே விறைப்பாக இருக்கும் மனிதர் அங்கே பெண்கள் சூழ, ஆட்டம் பார்த்துக்கொண்டு, வீட்டு மனிதராக இருக்கிறார். பல இடங்களில் சாயம் மங்கிவிட்டது, வயிற்றெரிச்சல்தான்.

அப்புறம் கீழக்கரை. அங்கே ஜும்ஆப் பள்ளிவாசலைப் பார்க்க நண்பன் ஒருவன் கூட்டிப் போனான். கல் தூண்களையும் அவற்றின் தலையில் உத்தரம் தாங்கும் போதிகைகளையும் பார்த்தால் நம் ஊர்க் கோயில் மண்டபம் போலவே இருக்கிறது. ஆனால் யாளி இல்லை, உருவம் இல்லை, பூவும் கொடியும்தான். இரண்டு வேலைக்கும் ஒரே கை உளிதான் பிடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 17ஆம் நூற்றாண்டில் சீதக்காதி கட்டியது என்கிறார்கள். உமறுப்புலவரை ஆதரித்தவர், செத்தும் கொடுத்தவர், அதே சீதக்காதி. கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவரும்கூட. திரும்பும்போது தொதல் வாங்கினோம். அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் இனிப்போடு மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. விரலில் ஒட்டாமல் நெய் மினுங்க வழுக்குகிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் இதே பண்டம் உண்டு. யார் யாரிடம் கற்றார்களோ!

நாம் ஊரை வயலையும் கண்மாயையும் வைத்தே அளந்துவிட்டோம், சித்தப்பா. அந்தக் கணக்கில் இது தண்ணியில்லாக் காடுதான். கடல் பக்கமிருந்து பார்த்தால் கதையே வேறு. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசுகள் கிடைத்தன. கப்பல் படம் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தது. பெரியபட்டினத்தில் கிடைத்தவை சீனப் பீங்கான் துண்டுகள். மழை பொய்த்தாலும் கப்பல் பொய்க்காத ஊர்கள் இவை.

பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று, தெரிந்திருக்கும். நடுப்பகுதி லிப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் பழைய 1914 பாலம் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிய அழகு இதற்கு வராது.

மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் மரகத நடராஜருக்குச் சந்தனம் களைவார்கள். சித்திக்கு அதைப் பார்க்க ஆசை என்றால் அப்போது வாருங்கள். கூட்டம் நெருக்கித் தள்ளும். இல்லையென்றால் தை மாதம் தோது, வெயில் உறைக்காது. ரயில் டிக்கெட் எடுத்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கீழக்கரைக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம். தொழுகைக் கூட்டத்தில் தூண்களை நின்று பார்க்க முடியாது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்