திசு நோயியல் ஆய்வகங்களுக்கு அடிப்படைக் கருவிகளும் சீரான பயாப்ஸி நடைமுறையும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
மூத்த ஆய்வக நுட்பநர்,
திசு நோயியல் பிரிவு,
அரசு மருத்துவமனை.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள் இயக்ககம்.

பொருள்: அரசு மருத்துவமனைகளின் திசு நோயியல் ஆய்வகங்களுக்கு அகன்ற வாய்க் கொள்கலன்கள், பஃபர் (அமில கார அளவு மாறாமல் காக்கும் உப்பு) சேர்த்த ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவம், காற்று உறிஞ்சும் கிராசிங் மேசை (திசுவை வெட்டிப் பார்க்கும் மேசை), திசுவில் மெழுகு ஏற்றும் டிஷ்யூ பிராசஸருக்கு யு.பி.எஸ். ஆகியவற்றை முதலில் வழங்கவும், பயாப்ஸி கையாளும் முறையை எல்லா இடத்திலும் ஒன்றாக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திசு நோயியல் பிரிவில் வேலை பார்த்து வருகிறேன். அறுவைச் சிகிச்சையில் எடுத்த முழு உறுப்பும், ஊசியில் எடுத்த நூலிழை போன்ற துணுக்கும் எங்கள் கையில் வந்துதான் மெழுகு பிளாக்காகி, ஸ்லைடாகி, நோயியல் மருத்துவரின் மைக்ராஸ்கோப்புக்குப் போகின்றன. ஆய்வகங்களுக்கு வேண்டிய கருவிகளின் பட்டியலை இயக்ககம் கேட்டிருக்கும் இந்த நேரத்தில், அதில் எது முதலில் வர வேண்டும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனுவை எழுதுகிறேன்.

இத்தகைய பட்டியல்களின் தொடக்கத்தில், செல்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயமிட்டுக் காட்டும் தானியங்கி இம்யூனோ சாயக் கருவியும் ஸ்லைடு ஸ்கேனரும் இருப்பது வழக்கம். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்குள் போக வேண்டிய திசு, அறுவை அரங்கிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் வழியிலேயே கெட்டுப்போயிருந்தால் எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. ரத்த மாதிரி கெட்டால் மறுநாள் இன்னொரு முறை குத்தி எடுக்கலாம். வெட்டி எடுத்த கட்டியை மறுபடி எடுக்க உடம்பில் அது இருக்காது.

என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை பிற்பகல், புற்றுக்கட்டியோடு அகற்றிய மார்பகம் ஒன்றைக் குறுகிய வாய் உள்ள பிளாஸ்டிக் போத்தலுக்குள் அழுத்தித் திணித்து, மிச்சமிருந்த இடுக்கில் கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் அதை வெளியே எடுக்கப் பார்த்தோம், வரவில்லை. மென்மையாக உள்ளே போனது போத்தலின் வடிவத்திலேயே இறுகிவிட்டது. போத்தலை அறுத்துத்தான் எடுத்தோம். கத்தி வைத்துப் பிளந்தபோது வெளிப்புறம் மட்டும் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகக் கொழகொழத்து, அழுகல் வாடை அடித்தது. ஸ்லைடில் செல்களின் ஓரங்கள் கரைந்து, உட்கருக்கள் வெளுத்துப் போயிருந்தன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சோதனை எதிர்மறை என்று வந்தது. கட்டியிலேயே ஏற்பி இல்லையா, அல்லது அந்த இரண்டு நாளில் அழிந்துவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை பயன்படுமா படாதா என்பது அந்த ஒரு விடையில்தான் இருந்தது. முன்பே ஊசி பயாப்ஸி எடுத்திருந்தால் அதில் பார்த்திருக்கலாம், அதுவும் எடுக்கப்படவில்லை. இதற்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு காரணமாகவில்லை. அரங்கில் இருந்த செவிலியரின் கைக்கு எட்டிய போத்தல் அது ஒன்றுதான்.

ஃபார்மலின் திசுவுக்குள் முதல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நுழைகிறது. ஆழம் போகப் போக வேகம் இன்னும் குறைகிறது. உறுப்பை முழுதாகப் போட்டு மூடி வைத்தால் வெளியே பதப்படும்போதே உள்ளே அழுகத் தொடங்கிவிடும். ஆகவே திசுவின் பருமனைப் போலக் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும். மார்பகத்தை 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் ரொட்டியைப் போலக் கீறி, இடையிடையே வடிதாளோ காஸ் துணியோ செருகி வைக்க வேண்டும். குடலை நீளவாக்கில் திறக்க வேண்டும். கருப்பையைப் பிளந்து வைக்க வேண்டும். கீறுவதற்கு முன் விளிம்புகளில் மை பூச வேண்டும் என்பதால் இந்த வேலையை ஆய்வகத்தில் செய்வதே நல்லது. அதற்காக, பெரிய உறுப்புகள் விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்து சேர ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

மார்பகப் புற்றின் ஏற்பி சோதனைக்காக அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் அமெரிக்க நோயியலாளர் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், உடலிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் இறங்க வேண்டும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. நம் கோரிக்கைப் படிவத்தில் இந்த இரண்டு நேரங்களை எழுதவே இடமில்லை. "திசு எடுத்த நேரம்", "ஃபார்மலினில் இட்ட நேரம்" என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்கத் தங்கள் ஆணை ஒன்றே போதும்.

இனி ஃபார்மலின். பல இடங்களில் அடர் ஃபார்மலின் கேன்களை நேரடியாக வார்டுக்கும் அரங்குக்கும் கொடுத்துவிடுகிறார்கள். கடையில் வரும் அடர் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. நாம் "10 சதவீத ஃபார்மலின்" என்பது அதைப் பத்தில் ஒரு பங்காக்கியது. உண்மையில் அதில் இருப்பது 4 சதவீதத்தை ஒட்டிய ஃபார்மால்டிஹைடுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஒருவர் நீரே சேர்க்காமல் ஊற்றுகிறார், இன்னொருவர் ஏற்கெனவே கலந்ததில் மேலும் நீர் சேர்க்கிறார். வெறும் குழாய்நீர் கலந்து வைத்த ஃபார்மலின் நாளடைவில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் புளித்துப்போகிறது. மண்ணீரல் போல ரத்தம் நிறைந்த திசுக்களில் அப்போது கருப்பழுப்பு நிறமி படிந்து, மலேரியா நிறமியோ என்று மருத்துவரைத் திகைக்க வைக்கிறது. மரபணுச் சோதனைக்கும் அந்தத் திசு உதவாமல் போகிறது. தீர்வு எளிது. அடர் ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம் சேர்த்தால் ஒரு லிட்டர் பஃபர் ஃபார்மலின் கிடைத்துவிடும். இதை ஆய்வகம் மட்டுமே தயாரித்து, அமில கார அளவு 7-ஐ ஒட்டி இருப்பதைச் சரிபார்த்து, தேதியிட்ட அகன்ற வாய்க் கொள்கலன்களில் ஊற்றி அரங்குகளுக்கு அனுப்பட்டும். வார்டில் யாரும் கலக்கவே வேண்டியதில்லை.

கொள்கலனில் பெயரை மூடியில் எழுதும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். கிராசிங் மேசையில் நான்கு மூடிகளைத் திறந்து வைத்தால் எந்த மூடி எதனுடையது என்பது நொடியில் மாறிப்போகும். போத்தலின் உடம்பிலேயே, பெயரோடு இன்னோர் அடையாள எண்ணும் சேர்த்து ஒட்ட வேண்டும். காசநோய்க் கல்ச்சருக்கு வேண்டிய துண்டை ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே பிரித்து, கிருமி நீக்கிய கொள்கலனில் தனியாக அனுப்ப வேண்டும். ஃபார்மலின் பட்டதில் கிருமி வளராது. மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தத் தவறு எங்களிடம் வருகிறது.

அடுத்துச் சொல்ல வருவது எங்கள் உடம்பைப் பற்றியது. உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ஆம் ஆண்டிலேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதிப் பொருட்களில் சேர்த்துவிட்டது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, எட்டு மணி நேர சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் 0.75 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது. எங்கள் அறையில் எவ்வளவு இருக்கிறது என்று இன்றுவரை யாரும் அளந்ததில்லை. புதிதாகச் சேரும் பயிற்சி மாணவர்கள் முதல் வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டே நிற்பார்கள். பிறகு அவர்கள் மூக்கு மரத்துவிடும், வாடை தெரியாது. வாடை தெரியவில்லை என்பதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

சுவரின் உச்சியில் எக்ஸாஸ்ட் விசிறி மாட்டுவதோடு ஏற்பாடு முடிந்ததாகக் கருதப்படுகிறது. கிராசிங் மேசையிலிருந்து எழும் ஆவியை அந்த விசிறி எங்கள் முகத்தைத் தாண்டித்தான் மேலே இழுக்கிறது. மேசையின் பரப்பு வழியாகக் கீழ்நோக்கியோ, மேசையின் பின்பக்கமாகவோ உறிஞ்சும் அமைப்பே வேண்டும். உறிஞ்சிய காற்றைக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே விடுவது சிறந்தது. அதற்கு வசதி இல்லாத இடத்தில், ஃபார்மால்டிஹைடைப் பிடிப்பதற்கென்றே பதப்படுத்திய கரி வடிகட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வாயுவைப் பிடிக்காது. அறுவை முகக்கவசமும் அப்படித்தான். மேசைக்கு அருகில் கண் கழுவும் குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். கண்ணில் ஃபார்மலின் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டியிருக்க, இப்போது நாங்கள் கை கழுவும் தொட்டிக்கு ஓடுகிறோம்.

டிஷ்யூ பிராசஸர் இரவில் ஓடும் கருவி. மாலையில் கேசட்டுகளை (திசுத் துண்டுகளை இட்ட சிறு துளைப் பெட்டிகளை) வைத்துவிட்டுப் போனால், ஆல்கஹால் நீரை எடுத்து, சைலீன் ஆல்கஹாலை எடுத்து, காலையில் மெழுகு ஏறித் திசு தயாராக இருக்க வேண்டும். பழைய சுழல் வகைக் கருவியில் கூடை ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குத் தூக்கப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் அது அந்தரத்திலேயே நின்றுவிடும். காலையில் வந்து பார்க்கும்போது அன்றைய பயாப்ஸிகள் அத்தனையும் கூடையில் காய்ந்து தொங்கும். ஒரு முறை அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேசட்டுகளில் இருந்த எண்கள் பல நாள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பது போதிய பதில் ஆகாது. அது உயிர்பெறும் இடைவெளியிலேயே சில கருவிகள் நிரலை மறந்து தொடக்கத்துக்குப் போய்விடுகின்றன. பிராசஸருக்கென்று தனி யு.பி.எஸ்., நின்றால் பணியில் உள்ளவரின் தொலைபேசிக்கு வரும் எச்சரிக்கை, இவை இரண்டும் கருவி வாங்கும் ஆணையிலேயே இருக்க வேண்டும்.

சைலீன் பால்போலக் கலங்கினால் அதில் நீர் கலந்துவிட்டது என்று பொருள். ஆனாலும் "அடுத்த ஒதுக்கீடு வரட்டும்" என்று அதையே ஓட்டுகிறோம். திரவங்களை மாற்றும் கணக்கு ஒதுக்கீட்டைப் பார்த்து இருக்கக் கூடாது, போன கேசட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து இருக்க வேண்டும்.

மெழுகு பிளாக்கை மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோம் பெரும்பாலான இடங்களில் நல்ல நிலையில் இருக்கிறது. அதற்குப் போடும் பிளேடுதான் இருப்பதில்லை. 3 முதல் 4 மைக்ரான் தடிமனில் வெட்ட வேண்டியதை மழுங்கிய பிளேடால் வெட்டினால் ரிப்பன் போல வரும் சீவல் கோடு கோடாகக் கிழியும். ஐந்து செல்கள்தான் இருக்கும் பயாப்ஸியில் அந்தக் கோடு அவற்றின் மேலேயே விழலாம்.

வெட்டிய சீவல்களை மிதக்க விடும் வாட்டர் பாத்தை மெழுகு உருகும் வெப்பத்துக்குச் சுமார் 10 டிகிரி குறைவாக, 45 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்து, ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் நீரின் மேற்பரப்பை மெல்லிய தாளால் வழித்தெடுக்க வேண்டும். முந்தைய நோயாளியின் ஒரு துணுக்கு மிதந்து வந்து அடுத்தவர் ஸ்லைடில் ஒட்டிக்கொண்டால், இல்லாத புற்றுநோயை அவருக்கு நாமே எழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம். திசுவை மெழுகில் பதிக்கும்போது பயன்படும் ஃபோர்செப்ஸையும் அதே போல ஒவ்வொரு கேசட்டுக்கும் துடைக்க வேண்டும். இதற்குக் கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பிளாக் என்ற வரம்பு இருந்தால் போதும். அவசரத்தில்தான் கை துடைக்க மறக்கிறது. காசநோய்க் கிருமிக்கான சாயமேற்றத்திலும் குழாய்நீர் ஆபத்தே: குழாயில் வாழும் வேறு மைக்கோபாக்டீரியா காசநோய்க் கிருமியைப் போலவே சிவப்பாகத் தெரிந்து ஏமாற்றும். ஒவ்வொரு முறையும், விடை முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு ஸ்லைடு ஒன்றைச் சேர்த்து ஓட்டுவதை விதியாக்க வேண்டும்.

திசுவை உறைய வைத்து வெட்டும் கிரையோஸ்டாட் உள்ள மையங்களுக்கு ஒன்றே ஒன்று: காசநோய் சந்தேகம் உள்ள திசுவில் குளிரூட்டும் ஸ்பிரேயைப் பயன்படுத்தக் கூடாது, அது கிருமியைக் காற்றில் தெறிக்க வைக்கும்.

எனவே ஐயா, அடுத்த கொள்முதலில் நான் மேலே சொன்ன கொள்கலன், பஃபர் ஃபார்மலின், உறிஞ்சும் மேசை, கண் கழுவும் குழாய், யு.பி.எஸ்., பிளேடுகள் ஆகியவற்றை முதல் தவணையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கருவிகளின் தகுதி விவரத்தை எழுதும் குழுவில், தினமும் அவற்றைக் கையாளும் நுட்பநர் ஒருவரையும் சேர்க்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாத எந்தக் கருவியையும் ஏற்க வேண்டாம். அறைக் காற்றில் உள்ள ஃபார்மால்டிஹைடை ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்து, அந்த அளவை எங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அறுவை அரங்குச் செவிலியர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சியை எங்கள் ஆய்வகத்திலேயே நடத்த நான் தயாராக இருக்கிறேன். பணிநேரத்துக்கு வெளியே என்றாலும் சரி.

தாங்களோ தாங்கள் அனுப்பும் அலுவலரோ ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, பிராசஸர் கூடையைத் திறக்கும் நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து கிராசிங் மேசை அருகே பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூத்த ஆய்வக நுட்பநர்,
திசு நோயியல் பிரிவு.